லோகப்பிரியாவின் மூன்று பெட்டிகள்

லோகப்பிரியா பதினோரு வருடம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தினாள். மூன்று கிடங்குகளில் சரக்கு இருக்கிறது, நான்கு ஊர்களுக்கு அனுப்ப வேண்டும், எங்கிருந்து எங்கே எவ்வளவு அனுப்பினால் செலவு குறையும்? இந்த மாதிரிக் கணக்குகள்தான் அவளுக்குச் செல்லம். பலகையில் கட்டம் போட்டு, கலர் சாக்பீஸில் அம்புக்குறி இழுத்து, விடைக்குக் கீழே இரட்டைக்கோடு போடும்போது அவள் முகத்தில் தனியாக ஒரு களை வரும். கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட அந்தச் சாக்பீஸ் சத்தத்துக்கு எழுந்து விடையை எழுதிக்கொள்வான். அந்தப் பதினோரு வருடத்தில் அவள் ஒரு பெட்டிக்குக்கூட டேப் ஒட்டியதில்லை.

"அது ஒண்ணுதான் சிலபஸ்ல இல்லாமப் போச்சுங்க" என்று இப்போது அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கல்லூரியில் சேர்க்கை குறைந்தது. இரண்டு துறைகளை ஒன்றாக்கி, ஆறு பேர் பார்த்த வேலையை மூன்று பேரிடம் கொடுத்தார்கள். வெளியே வந்த மூன்று பேரில் லோகப்பிரியாவும் ஒருத்தி. வயது முப்பத்தெட்டு. கோயம்புத்தூர் பீளமேட்டில் மாடி வீடு. கணவன் கிருபாசங்கருக்குப் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. இரண்டு மாதம் வீட்டில் இருந்த பிறகு, வீட்டிலிருந்தே ஆன்லைனில் கடை போடுவது என்று அவள் முடிவு செய்தாள். தொண்டாமுத்தூரில் கிருபாசங்கரின் சொந்தக்காரர் ஒருவர் தென்னை நாரில் செடித்தொட்டியும், கொடி படரும் கம்பமும், நார்த்தூளை அழுத்திச் செய்த கோகோபீட் கட்டியும் தயாரித்துக்கொண்டிருந்தார். சரக்குக்குக் கவலை இல்லை. மொட்டைமாடித் தோட்டம் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தொட்டி விற்கிற அந்த வீட்டில் மட்டும் ஒரு செடி கிடையாது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இணையதளத்தை ஒரு பையன் பத்தே நாளில் செய்து கொடுத்துவிட்டான். "மேடம், ஷிப்பிங் சார்ஜ் மட்டும் எப்படிப் போடறதுன்னு சொல்லிடுங்க" என்றான்.

"தொட்டி வெலயிலயே அதையுஞ் சேர்த்துப் போட்டு, அனுப்பறது இலவசம்னு எழுதிரலாமே அம்மணி. எல்லாரும் அப்புடித்தான் பண்றாங்க" என்றான் கிருபாசங்கர்.

லோகப்பிரியாவுக்கு அது பிட் அடிப்பது போலத் தோன்றியது.

"ஏனுங்க, பதினோரு வருசமா நான் இதைத்தானுங்க சொல்லிக் குடுத்தேன்" என்றாள். "இதுல போய் நான் குத்துமதிப்பாப் போட்டா, நாளைக்கு என்ற ஸ்டூடண்ட் ஒருத்தன் பார்த்தான்னா என்ன நெனப்பான்?"

அவளுடைய மாணவர்கள் யாரும் தொட்டி வாங்கும் வயதுக்கு இன்னும் வரவில்லை. இருந்தாலும் அவள் அவர்களுக்காகவே முதல் சூத்திரத்தைத் தயாரித்தாள். அது எடைக் கணக்கு. தொட்டி ஒன்று நூற்றெழுபது கிராம். பன்னிரண்டு தொட்டி என்றால் இரண்டு கிலோ. இரண்டு கிலோவுக்குப் புனே வரைக்கும் நூற்றிருபது ரூபாய். வாங்குகிறவருக்கு வலிக்காது, விற்கிறவளுக்கும் வலிக்காது.

முதல் பன்னிரண்டு தொட்டி புனேவுக்கே ஆர்டர் ஆனது. ஒவ்வொரு தொட்டியையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, பெரிய அட்டைப்பெட்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்கார வைப்பது போல வரிசையாக அடுக்கி, ஹோப் காலேஜ் பக்கம் இருந்த கூரியர் ஆபீஸுக்குக் கொண்டுபோனாள். அங்கே பிரான்சிஸ் என்று ஒருவர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, நிதானமான மனிதர். பெட்டியைத் தராசில் வைத்தார். பிறகு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தார்.

"தொள்ளாயிரத்து எம்பதுங்க மேடம்."

"எதுக்குங்க? ரெண்டு கிலோதானே?"

"எடை ரெண்டு கிலோதானுங்க. ஆனாப் பொட்டி பெருசா இருக்குதுங்களே. வண்டியில எடத்தை அடைக்குமுங்க. மூணு அளவையும் பெருக்கி ஐயாயிரத்துல வகுக்கோணும். இருபத்துநாலு கிலோ வருது. ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தானுங்க காசு."

லோகப்பிரியா அவரைத் தேர்வு அறைக் கண்காணிப்பாளர் பார்வை பார்த்தாள். "அந்த ஐயாயிரம் எங்கிருந்து வந்துச்சுங்க? அதுக்கு டெரிவேஷன் இருக்குதுங்களா?"

"மேல இருந்து வந்துச்சுங்க" என்றார் பிரான்சிஸ்.

தொள்ளாயிரத்து எண்பதைக் கட்டிவிட்டு வந்தாள். அந்த விற்பனையில் அவளுக்குக் கிடைத்த லாபத்தைப் போல இரண்டு மடங்கு கூரியருக்குப் போயிருந்தது. வழி நெடுக அவளுக்குக் கோபம் பிரான்சிஸ் மேல் இருந்தது. ஐயாயிரத்தால் வகுப்பதை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லையே என்று இருந்தது. வீட்டுக்கு வந்து கூகுளில் தேடினாள். அது எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. அவள் பாடம் நடத்திய புத்தகத்தில் மட்டும் இல்லை.

சரி, எடை கிடக்கட்டும், இடத்தைக் கணக்கில் எடுப்போம் என்று இரண்டாவது சூத்திரத்தில் இறங்கினாள். ஒரு தொட்டி அடைக்கும் இடத்தை அளந்தாள். நஷ்டம் வரக் கூடாது என்று கொஞ்சம் தாராளமாகவே போட்டதில், அது இரண்டரைக் கிலோவுக்குச் சமம் என்று வந்தது. பன்னிரண்டு தொட்டிக்கு முப்பது கிலோ. கோகோபீட் கட்டிக்குத் தனிப் பெட்டி, கம்பத்துக்குத் தனிப் பெட்டி. எத்தனை பெட்டியோ அத்தனைக்கும் முதல் கிலோவிலிருந்து தனித்தனியாகக் கட்டணம் கூட்டும்படி தளத்தை மாற்றினாள். இந்த முறை ஒரு பைசா கையைவிட்டுப் போகாது.

போகவும் இல்லை. ஏனென்றால் யாரும் வாங்கவில்லை. ஆயிரத்து முந்நூறு ரூபாய் தொட்டிக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் அனுப்பும் செலவு காட்டினால் யார் வாங்குவார்கள்? ஐந்து வாரத்தில் ஒரே ஒருவர் வாங்கினார். வாங்கியவர் தளத்தில் இப்படி எழுதினார்: "இந்தக் கடையில் கூரியர் விற்கிறார்கள். கூடவே தொட்டி இலவசமாகத் தருகிறார்கள்."

கிருபாசங்கர் அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது அவளுக்குத் தெரிந்தது. கோபத்தில் எழுந்து போய்ச் சரக்கு அறையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள். சிதறிக் கிடந்த தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுச் சுவரோரம் நிறுத்தினாள். பன்னிரண்டு தொட்டி சேர்ந்து அவள் இடுப்பளவுக்குக்கூட வரவில்லை. அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு தொட்டிக்குள் இன்னொரு தொட்டி போகும். முப்பது கிலோ என்று அவள் கணக்குப் போட்டது, ஏழரைக் கிலோவுக்குள் அடங்கும். நாலு மாதமாக அந்த அறையை அவள் தினமும் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"தெருவுல சாப்பாட்டுக்கடை போடறவங்க பிளாஸ்டிக் டம்ளரை எப்படி அடுக்கறாங்களோ, அப்படித்தானுங்க" என்று பின்னாளில் இதைச் சொல்லும்போது கையால் அடுக்கிக் காட்டுவாள். "எம்.ஃபில். படிச்சவளுக்கு அது தெரியலீங்க."

தெரிந்துகொண்டதோடு விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தளத்தில் பழைய கணக்கை மாற்றுவதற்குள், ஜூலை முதல் வாரத்தில் பெங்களூரிலிருந்து ஆமினா பீவி கூப்பிட்டார். பிறந்தது கோயம்புத்தூர் கோட்டைமேடு, கட்டிக்கொடுத்தது பெங்களூர். இப்போது அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்டக் குழுவுக்கு அவர்தான் செயலாளர்.

"அறுபது தொட்டி, கோகோபீட் அஞ்சு கிலோக் கட்டி எட்டு, மூணடிக் கம்பம் இருபது வேணும் கண்ணு. உங்க தளத்துல போட்டுப் பார்த்தேன். அனுப்பறதுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் காட்டுது. நெஜமாவே அவ்வளவு ஆகுமா, இல்ல கம்ப்யூட்டர் உளறுதா?"

அவள் தளத்துக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர் அது. ஒரு பெட்டியில் அடங்காது, பல பெட்டி போகும். அவள் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த கணக்கு அதுதான் என்று லோகப்பிரியாவுக்குத் தோன்றியது.

"மூணு நாள் டைம் குடுங்க மேடம். மிகக் குறைஞ்ச செலவு என்னன்னு சொல்றேன்."

"மூணு நாளா?" என்றார் ஆமினா பீவி. பிறகு, "சரி, போட்டுச் சொல்லு" என்றார்.

மூன்று நாளும் அடுப்படிப் பக்கம் அவள் சரியாகப் போகவில்லை. இரண்டு நாள் கிருபாசங்கர் தக்காளிச் சாதம் செய்தான். மூன்றாம் நாள் ஹோட்டல் பார்சல் வந்தது. லேப்டாப்பில் ஒரு நிரல் எழுதினாள். எந்தப் பொருள், எந்தப் பெட்டி, எந்தப் பக்கம், எத்தனை அடுக்கு என்று நூற்றுக்கணக்கில் சேர்மானங்களை அது அலசியது. ஏழு பெட்டி ஆகும் என்று கிருபாசங்கர் சும்மா பார்த்தே சொன்னான். லேப்டாப் ஐந்து என்றது. அவள் அதை மறுபடி ஓட விட்டாள். நாலு என்றது. மூன்றாம் நாள் சாயங்காலம், கட்டிகளுக்கு நடுவே கம்பங்களைச் சாய்த்து, கம்பங்களின் மேலேயே தொட்டிகளைக் கவிழ்த்தால் மூன்று பெட்டி போதும் என்று விடை வந்தது. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். லோகப்பிரியா ஒரு வெள்ளைத்தாளில் அதை எழுதி, கீழே இரட்டைக்கோடு போட்டாள்.

பணம் வந்தது. சனிக்கிழமை காலை கட்ட உட்கார்ந்தார்கள். இரண்டாவது பெட்டியில்தான் சிக்கல். விடைப்படி நான்கு கட்டி அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். போகவில்லை. ஒவ்வொரு கட்டியையும் சுற்றித் தடிமனான பிளாஸ்டிக் உறை இருந்தது. அந்த உறையின் மடிப்பு அரை சென்டிமீட்டர் இடித்தது.

"கொஞ்சம் பெரிய பொட்டி எடுத்துக்கலாமே" என்றான் கிருபாசங்கர்.

"பெரிய பெட்டின்னா விடை மாறிரும்ங்க."

"மாறட்டுமே அம்மணி. இருநூறு ரூவா சேரும்."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். நான்கு கட்டிகளின் உறையையும் உரித்துப் போட்டாள். கட்டிகள் உள்ளே போய்ப் பொருந்தி உட்கார்ந்தன. விரல்கூட நுழையாது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் போட்டோ பிடித்து வைத்துக்கொண்டாள். கிருபாசங்கர் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனான்.

குட்டியானை சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து மூன்று பெட்டியையும் கூரியர் ஆபீஸில் இறக்கியபோது மணி ஒன்றரை. தராசில் இரண்டாவது பெட்டி இருபத்தாறு கிலோ காட்டியது. பிரான்சிஸ் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உள்ளே நிறையச் சரக்கு. பெட்டிகளை வாசல் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போகலாம், மூன்று மணிக்கு வந்து ரசீது வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

"அப்படியே உள்ள நகர்த்தி, செவுத்துப் பக்கம் வெச்சிரட்டுங்களா மேடம்? சாரல் வர்ற மாதிரி இருக்குது."

"வேண்டாங்க, தொடவே தொடாதீங்க. நிறுத்தி வெச்ச மாதிரியே இருக்கோணும். புரட்டுனா உள்ள அடுக்கு கலைஞ்சிரும்."

வீட்டுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டாள். கொஞ்சம் கண்ணயர்ந்தாள். வெளியே சாரல் பிடித்து, பிறகு நல்ல மழையாகவே அடித்தது. தூக்கத்தில் அந்தச் சத்தம் சுகமாக இருந்தது. மூணேகாலுக்குத்தான் எழுந்து போனாள்.

தாழ்வாரத்தில் நாலைந்து பேர் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் வாசற்படி ஓரமாக ஓடி, அவள் தொடக் கூடாது என்று சொன்ன இரண்டாவது பெட்டி இருந்த இடத்தில் குளம் கட்டியிருந்தது. பெட்டி நாலு பக்கமும் புடைத்திருந்தது. மேலே ஒட்டிய டேப் ஒன்று பிய்ந்து, விளிம்பு வழியாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ பிதுங்கி வந்துகொண்டிருந்தது. கோகோபீட் என்பது தண்ணீரைக் குடித்துக் குடித்து ஐந்தாறு மடங்கு ஊதும் பொருள். அவள் தளத்திலேயே அது கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதற்காகத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். அதற்காகத்தான் அதைச் சுற்றி உறை போடுகிறார்கள்.

பிரான்சிஸ் சிரமப்பட்டு அதை வாசலோரத் தராசில் ஏற்றியிருந்தார். எண்கள் மாறிக்கொண்டிருந்தன.

"நான் தொடலீங்க மேடம். நீங்க சொன்ன மாதிரியே உட்டுட்டேன். சத்தம் கேட்டுத்தான் வந்து பார்த்தேன்" என்றார். "ஏத்தும்போது முப்பத்தொண்ணு. இப்ப முப்பத்திமூணுங்க. மேல கூரைத் தண்ணி ஒழுகி இன்னும் உறிஞ்சுது. இது எவ்வளவு வரைக்கும் சாப்புடுமுங்க?"

கேட்டது கிண்டலாகத் தோன்றவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லோகப்பிரியா பதில் சொல்ல வாய் திறந்தாள். அதே நேரம் பெட்டியின் ஒரு மூலை விட்டுக்கொடுத்தது. டப் என்று ஒரு சத்தம். தராசின் மேலும், பிரான்சிஸின் செருப்பின் மேலும், வரிசையில் நின்றிருந்த ஒருவரின் கல்யாணப் பத்திரிகைக் கட்டின் மேலும் ஈர நார்த்தூள் சரிந்து விழுந்தது. நடுவில் செருகியிருந்த கம்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே சாய்ந்தன.

அழுகை வந்துவிடும் போலிருந்தது. பத்திரிகைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். நல்லவேளை, உறைக்குள் இருந்த பத்திரிகைகள் தப்பின. கிருபாசங்கருக்குப் போன் செய்தாள். என்ன ஆயிற்று என்று அவன் கேட்டதற்கு, "சாக்கு எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவன் அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, கம்பெனி யூனிபார்மோடு நாலு அரிசிச் சாக்குடன் வந்தான். இரண்டு பேரும் குனிந்து முறத்தால் அள்ளினார்கள். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த உறையை ஏன் அம்மணி உரிச்ச?"

"அரை சென்டிமீட்டருக்குங்க."

அவன் மறுபடி குனிந்தான். இரண்டு முறம் அள்ளிக் கொட்டினான். மூன்றாவது முறத்தில் அவன் உதடு துடித்தது. "சிரிக்காதீங்க" என்று அதட்டினாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையில் சாக்கும் முகத்தில் நார்த்தூளுமாக அவள் படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்க, பிரான்சிஸ் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அன்று சாயங்காலம் ஆமினா பீவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. கட்டி சேதம், புதிதாக வாங்கி அனுப்புகிறேன், இரண்டு நாள் தாமதமாகும் என்று சொல்லிவிடலாம். மழை மேல் பழி போட்டால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. போனைக் கையில் எடுத்ததும் அது அவளால் முடியவில்லை. மூன்று நாள் கணக்குப் போட்டது, இரட்டைக்கோடு போட்டது, உறையை உரித்தது, நகர்த்தட்டுமா என்றவரைத் தடுத்தது என்று வரிசையாக எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

முழுவதையும் கேட்டுவிட்டு ஆமினா பீவி கேட்டார்.

"லாரி ஆபீஸ்ல போடக் கூடாதுன்னு நான் சொன்னேனா கண்ணு?"

"இல்லீங்க மேடம்."

"பின்ன எதுக்குக் கூரியர்? எங்க ஊட்டுல நாப்பது வருசமா துணி யாவாரம். கோயமுத்தூர்ல லாரி ஆபீஸ்ல போட்டா பெங்களூர்ல எறங்கப்போவுது. அவங்க டேப்பெல்லாம் வெச்சு அளக்க மாட்டாங்க. பொட்டிக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட்டு. ஏழு பொட்டின்னா ஏழு பொட்டி. நல்லாத் தாராளமாக் கட்டி அனுப்பு."

"ரெண்டு மூணு நாள் ஆகுமுங்களே?"

"செடி வளர்றதுக்கு மூணு மாசம் ஆகுது. தொட்டிக்கு என்ன அவசரம்?"

தொண்டாமுத்தூரிலிருந்து புதுக் கட்டிகளை எடுத்துவந்து, திங்கட்கிழமை ஏழு பெட்டி கட்டினார்கள். கிருபாசங்கர் முதலில் சொன்ன அதே ஏழு. அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை, ஆனால் ஏழாவது பெட்டியை ஒட்டும்போது மெதுவாக விசில் அடித்தான். கட்டிகள் உறையோடு கால்நீட்டிப் படுத்துப் போயின. லாரி ஆபீஸில் ஏழு பெட்டிக்கும் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய் வாங்கினார்கள். மீதிப் பணத்தை லோகப்பிரியா ஆமினா பீவிக்குத் திருப்பி அனுப்பினாள். வேண்டாம் என்றார், அவள் கேட்கவில்லை. புதன்கிழமை தொட்டிகளின் போட்டோவோடு, "எல்லாம் நல்லபடியா வந்து சேந்துச்சு. பக்கத்து பிளாக்குலயும் கேக்கறாங்க" என்று வாட்ஸ்அப் வந்தது.

ஊறிப்போன நான்கு சாக்கு நார்த்தூளை என்ன செய்வது என்று தெரியவில்லை. பிரான்சிஸ் ஒரு சாக்கைத் தன் வீட்டுக் கறிவேப்பிலைக்கு எடுத்துக்கொண்டார். மற்றது மாடிக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் முதல் செடி முளைத்தது, ஒரு தக்காளி.

தளத்தில் இப்போது சூத்திரம் எதுவும் இல்லை. ஆறு தொட்டியை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு ஒரே செட்டாக விற்கிறாள். ஒரு செட், ஒரு பெட்டி, மாநிலத்துக்கு ஒரு கட்டணம். அதற்கு மேல் வாங்குகிறவர்களுக்காக அவளே இப்படி எழுதிப் போட்டிருக்கிறாள்: "ஒரு பெட்டிக்கு மேல் போனால் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பெட்டியைக் கட்டி, அளந்து, எடை போட்ட பிறகுதான் அனுப்பும் செலவைச் சொல்வேன். முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு எனக்குக் கணக்கு வராது." பழைய கல்லூரி ஆசிரியர்களின் குழுவில் யாரோ இதைப் படம் பிடித்துப் போட்டார்கள். இரண்டு நாள் அந்தக் குழு கலகலப்பாக இருந்தது. கேலி செய்தவர்களில் மூன்று பேர் தொட்டி வாங்கினார்கள்.

போன வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒருவர் நாலு செட்டும் இரண்டு கட்டியும் கேட்டார். எவ்வளவு ஆகும் என்றார். "அரை மணி நேரங் குடுங்க, கட்டிப் பார்த்துட்டு வாரேனுங்க" என்று லோகப்பிரியா போனை வைத்தாள். தரையில் உட்கார்ந்து கட்டினாள். இரண்டு பெட்டி வந்தது. டேப்பால் அளந்தாள், ஆள் எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினாள், காகிதத்தில் பெருக்கி வகுத்தாள். அறுநூற்று நாற்பது என்று சொல்லிப் பணமும் வாங்கிவிட்டாள். மறுநாள் பிரான்சிஸ் ரசீதை நீட்டினார். அறுநூற்று ஐம்பத்தைந்து.

கூரியர் ஆபீஸ் வாசலிலேயே நின்று அவள் கிருபாசங்கருக்குப் போன் செய்தாள். அவன் ஏதோ விபரீதம் என்று பதறிப்போய் எடுத்தான்.

"ஏனுங்க, பதினஞ்சு ரூவாதானுங்க நட்டம்!" என்று கத்தினாள். ரோட்டில் போன பஸ் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவையும் அதே உற்சாகத்தோடு கத்திச் சொன்னாள்.